அருவாளுக்கு எத்தனை விசில்?

கொல்லையில் வாழையிலை அறுக்கிற அருவாளை ஒரு வாரம் தாழ்வாரத்தில் மறந்துவிட்டேன். திருவையாற்று ஐப்பசி மழை சும்மா விடுமா? செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

துப்பாக்கிக் குழாய்க்குச் செய்கிற மாதிரி இதற்கும் நீலம் ஏற்றிவிட்டால் துரு அண்டாது என்று எனக்கு ஒரு யோசனை. பட்டறை ஆசாரியிடம் கேட்டேன். "நெருப்புல காட்டுனா முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியா நீலம். பாக்க அழகா இருக்கும் தம்பி. ஆனா வாயில பதம் இறங்கிப்போயிருக்கும்" என்றார். நீலம் வருவதற்கு 300 டிகிரி பக்கம் சூடேற வேண்டும். கூர் நிற்காத அருவாள் யாருக்கு வேண்டும்?

இன்னொரு வழி இருக்கிறது: வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, வேகவைப்பது. கொதிநீரில் சிவப்புத் துரு மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் பதத்துக்கும் பயமில்லை.

பழைய துருவைத் தேய்த்தெடுத்து, சோப்புத்தூள் போட்டுப் பிசுக்கைக் கழுவி, வினிகர், உப்பு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றையும் கலந்து பூசினேன். இதற்கென்று ஈரப்பெட்டி செய்து வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு ஐப்பசியே பெட்டி. சாயங்காலத்துக்குள் பொன்னிறமாகப் பூத்துவிட்டது.

போர் தண்ணீரில் வேகவைத்தால் உப்புத்திட்டு விழும். வாசலில் பிடித்த மழைத்தண்ணீரை மனைவியின் சீர்க் குண்டானில் ஊற்றி, அருவாளை இறக்கி, அடுப்பைப் பற்றவைத்தேன். மரப்பிடி மட்டும் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பாயி எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எத்தனை விசில் வைக்கணும்?" என்றது.

இருபது நிமிடத்தில் சிவப்பு எல்லாம் கறுத்து, மேலே கரி போலப் பொடி நின்றது. மெல்லிய இரும்பு நாரால் துடைத்தால் அடியில் வழவழப்பான சாம்பல் நிறம். திரும்பப் பூசு, துருவேற்று, வேகவை. ஐந்து சுற்று. நான்காவது சுற்றில்தான் பார்த்தேன், அலகின் நடுவில் என் கட்டைவிரல் ரேகை வரிவரியாக, வெள்ளையாக! கழுவியபின் எப்போதோ தொட்டிருக்கிறேன். கைப்பிசுக்கு பட்ட இடத்தில் கலவை பிடிக்கவில்லை. "போலீசுக்கு வேலை மிச்சம்" என்றாள் மனைவி. அந்த இடத்தை மட்டும் தேய்த்து, மறுபடி கழுவி, பஞ்சால் ஒற்றி ஒட்டுப்போட்டேன்.

கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவியதும் கருகருவென்று மின்னியது. "எங்க நீலம்?" என்றாள். வெயிலில் சாய்த்துக் காட்டினேன். மயில் கழுத்தில் ஓடுமே, அந்த மாதிரி லேசாக ஒன்று ஓடியது. எனக்குத் தெரிந்தது.

எலுமிச்சம்பழம் இதில் நறுக்காதே, புளிப்பு பட்டால் பூச்சு கழன்றுவிடும் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கிணற்றடியில் அப்பாயி. ஒரு கையில் அருவாள், ஒரு கையில் புளிச்சக்கை.

"பாவம், கருகிப்போய்க் கிடந்துச்சு. தேய்ச்சுட்டேன். வெள்ளி மாதிரி ஆயிட்டு, பாரு."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "குண்டானைக் கழுவிடலாமா, இல்ல அடுப்புல வைக்கட்டுமா?"