மேகம் மறைத்த பன்னிரண்டேகால்

ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை. ஒரத்தநாட்டுப் பக்கம் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டிய நிழலில்லா நாள். நேரம் 12:15. பள்ளி முற்றத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கொத்தனார் அண்ணன் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். சத்துணவுக்கூடத்து அக்காவும் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். 11:50க்கு ஒரு மேகம் வந்தது. 12:21 வரை அது அசையவில்லை.

இரண்டு மாத உழைப்பு. நிழலில்லா நாளை மட்டும் குறிவைத்துச் செய்த கருவி. முப்பத்தொரு நிமிடம் ஒரே மேகம். அன்று மாலை வீட்டில் யாரோடும் நான் சரியாகப் பேசவில்லை.

ஜூலையில் கோல் நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டுத் திசை கண்டது வரை வேலை நன்றாகவே போயிற்று. காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. இதெல்லாம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரே வட்டம் போட்டு ஏமாறாதீர்கள். நாங்கள் ஐந்து போட்டோம். இரண்டில் காலைப் புள்ளி கிடைத்தும் பிற்பகல் மேகத்தில் போயிற்று. ஒன்றை இடைவேளையில் ஒரு பொடியன் ஓடி அழித்தான். மிஞ்சிய இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக வந்தபோது பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் குதித்தேன். கைப்பேசித் திசைகாட்டியை நம்பியிருந்தால் இரும்புக் கேட்டைத்தான் வடக்கு என்று குறித்திருப்போம்.

நண்பகல் நிழல் தெற்கே விழுந்ததில் பெரிய சண்டை நடந்தது. ஜூலை நடுவில் ஒரு மீட்டர்க் கோலுக்கு 19 செ.மீ. நிழல், அதுவும் தெற்கே. "நிழல் வடக்கேதானே விழும், டீச்சர்?" என்று ஐந்தாம் வகுப்புக்காரி விடவில்லை. சூரியன் அப்போது நமக்கு வடக்கே இருக்கிறது என்பதை அவள் ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. ஏற்றுக்கொண்ட பிறகு கேட்ட கேள்விதான் இந்த வேலைக்கே வித்து: "அப்படியென்றால் தெற்கே வரும் வழியில் ஒரு நாள் நம் தலைக்கு மேலே நின்றாக வேண்டுமே?"

கோலை நட்டு, நிழல் மறைகிறதா என்று பார்ப்பது எல்லாரும் செய்வது. எனக்கு அதில் திருப்தி இல்லை. நிழல் நுனியை உற்றுப் பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகை. அதனால் ஒரு மீட்டர்க் கோலின் நுனி நிழல் ஒன்பது மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்து மங்கிவிடும். எங்கே முடிகிறது என்று பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பத்து இடம் காட்டுவார்கள். கோலை உயரமாக்கினாலும் மங்கலும் கூடவே வளரும். ஜெய்ப்பூரில் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் எழுப்பிய சூரிய கடிகாரமான சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரம். அத்தனை பெரிய கல் கட்டடத்தையும் இந்த மங்கல் விடவில்லை.

இதற்கு மாற்று, நிழலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பிடிப்பது. 1655இல் வானியலாளர் காசினி இத்தாலியின் போலோனா நகரத் தேவாலயத்தில் அப்படித்தான் செய்தார். ஏறக்குறைய அதே 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு துளை, தரையில் ஒரு தெற்கு வடக்குக் கோடு, அதைக் கடந்து போகும் சூரிய வட்டம். எங்களிடம் தேவாலயம் இல்லை. கால் ஆடும் பழைய கரும்பலகைத் தாங்கி ஒன்று இருந்தது.

இனி அதன் மேல் பொருத்திய துளையைப் பற்றி. பொறுமையில்லாதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

முதலில் பிஸ்கட் டப்பா மூடியில் ஆணி அடித்தேன். அடிப்பக்கம் பிசிறு கிளம்பி வெளிச்சம் நட்சத்திர மீன் மாதிரி விழுந்தது. அரம் போட்டுத் தேய்த்தால் துளை நீள்வட்டமாயிற்று. பட்டறையில் கொடுத்து ஐந்து மில்லிமீட்டரில் போட்டு வாங்கினேன். வட்டம் பெரிதாக, சோம்பலாக, ஓரமே இல்லாமல் விழுந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஓரம் கூர்மை, ஆனால் உச்சிவெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் குளிர்பான டின்னை வெட்டி, அந்தத் தகட்டில் கோணி ஊசியை மெதுவாகத் திருகி இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டது நான்காம் வகுப்புச் சிறுமி. அவள் அம்மா சாக்குத் தைப்பவர். பிசிறே இல்லை. பட்டறைக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தகடு மெல்லியது, காற்றில் படபடத்தது. அதற்குப் பழைய சிடி. அதன் நடு ஓட்டையின் மேல் தகட்டை ஒட்டினால் சுற்றிலும் நல்ல வட்ட நிழல், அதன் நடுவே ஒரு செ.மீ. அகலத்தில் வெளிச்சம். ஆனால் சிடியின் பளபளப்பில் சுவரெல்லாம் வானவில் விழுந்து, அன்று பாதி வகுப்பு அதிலேயே போயிற்று. கறுப்புச் சார்ட் ஒட்டிய பிறகுதான் எல்லாரும் கீழே குனிந்தார்கள். கீழே விழுந்த வட்டத்துக்கு அவர்களே பெயர் வைத்தார்கள்: வெயில்காசு.

துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியைக் கண்டுபிடிக்கத் தூக்குக்குண்டு வேண்டும். கொத்தனார் அண்ணனுடையதுதான். துளைக்குள் நூலை விட்டுத் தொங்கவிட்டால் காற்றில் குண்டு ஊஞ்சலாடியது. புத்தகப் பைகளைச் சுவராக அடுக்கினோம். குறைந்ததே தவிர நிற்கவில்லை. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "கையால் பிடிக்காதீர்கள், டீச்சர். விட்டதும் மறுபடி ஆடும். அட்டை ஒன்றைக் கீழேயிருந்து மெள்ளத் தூக்கி, குண்டு நுனியை உரசவிடுங்கள். களைத்துப்போய்த் தானே நின்றுவிடும்" என்றார். நான்கு முறை உரசியதும் நின்றது. இதை எந்தச் செய்முறைக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

தரையை மட்டம் பிடிக்க டியூப் மட்டம், ரசமட்டம் என்று இரண்டு நாள் வீணாக்கியதையும் ஒப்புக்கொள்கிறேன். வட்டம் போடும் வேலைக்குத் தரை மட்டமாக இருந்தே ஆக வேண்டும். உச்சிச் சூரியனைப் பார்க்கும்போது தரை கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வெயில்காசு நேர் புள்ளிக்குப் பக்கத்திலேயே விழுவதால் சாய்வினால் வரும் பிழை மிகச் சிறியது. இது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

நடுவில் சரித்திரம் புகுந்தது அண்ணனால்தான். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சூரியன் எந்தப் பக்கமும் சாராத நண்பகலில், இரு கோல் நட்டுக் குறி பார்த்து, நூலறிந்தவர்கள் நுண்மையாகக் கயிறு பிடித்தார்கள் என்று வரும். "இன்றைக்கும் நூல் கட்டாமல் எவன் கடைக்கால் தோண்டுகிறான்?" என்றார் அவர் சுவரோரமாக நின்று. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் நூலறி புலவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று கட்டியவர் பெயர் இருப்பதைச் சொன்னதும், அந்தப் பட்டத்தையும் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார்கள்.

பெரிய கோயில் என்றால் அடுத்தது அந்தப் பேச்சு வந்தே தீரும்: "விமானத்தின் நிழல் தரையில் விழாது, டீச்சர்." பொய் என்று சொல்லி வாயை அடைக்கலாம். அட்டையில் ஒன்று செய்து வெயிலில் வைத்தோம். அடி 15 செ.மீ., உயரம் 30. நிஜ விமானத்தின் விகிதமும் ஏறக்குறைய அதுதான். ஆகஸ்ட் நண்பகலில் நிழல் முழுவதும் தன் அடிக்குள்ளேயே அடங்கிப்போனது. "பார்த்தீர்களா!" என்று ஒரு கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்று மணிக்கு ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு வெளியே கிடந்தது நிழல். உச்சிவேளையில் கோயிலுக்குப் போய் வந்த யாரோதான் இந்தக் கதையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது வகுப்பின் முடிவு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அதே விமானத்தின் உச்சிக்கு 1808இல், நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு வந்த லாம்டன் என்ற ஆங்கிலேயர், கோணம் அளக்கும் தன் அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியதும், கயிறு அறுந்து அது சுவரில் மோதி நசுங்கியதும்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்ததிலிருந்து தொடங்கினேன். யாரும் கவனிக்கவில்லை. கயிறு அறுந்ததும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். கூடாரத்துக்குள் ஆறு வாரம் உட்கார்ந்து அவரே சரிசெய்தார் என்றதும், "எங்கள் கரும்பலகைத் தாங்கி மாதிரி" என்றான் ஒருவன். நாங்களும் பள்ளியைச் சுற்றி முக்கோணம் அளக்கப் போனோம். கோணமானியும் கயிறுமாக இறங்கியதில், எங்கள் கணக்கில் சத்துணவுக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அளவுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 20, புதன்: வெயில்காசின் நடு, புள்ளிக்குத் தெற்கே 30 மி.மீ. வியாழன் 23. வெள்ளி 18. மறுநாள் 23ஆம் தேதி தேசிய விண்வெளி நாள், 2023இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள். சனிக்கிழமை விடுமுறை என்பதால் வெள்ளியன்றே கொண்டாட்டம். தெர்மாகோல் ராக்கெட் செய்யச் சொல்லி என்னை யாரும் கேட்காதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், கேட்கவில்லை. தரையில் வெயில்காசு நிமிடத்துக்கு நான்கு மி.மீ.க்கு மேல் கிழக்கே ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "நிலாவில் வைத்தால் எவ்வளவு வேகம் போகும்?" என்று ஒருவன் கேட்டான். நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் பதினான்கு நாளுக்கும் மேல். கணக்குப் போட்டால், நம் வெயில்காசு தன் அகலத்தைக் கடக்க அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். "அப்படியென்றால் மேகம் வந்தாலும் கவலையில்லை" என்றான். நிலாவில் மேகமே கிடையாதடா என்று சொல்லிச் சிரித்தேன். மூன்று நாள் கழித்து அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வந்தது.

திங்கள் 12:21க்கு வெயில் வந்தபோது பாதிப் பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெயில்காசு புள்ளியிலிருந்து கிழக்கே இரண்டரை செ.மீ. தள்ளி விழுந்தது. நான் தாங்கியைக் கழற்றப் போனேன். கோணி ஊசிச் சிறுமி மட்டும் குனிந்தபடியே இருந்தாள். "டீச்சர், இது கோட்டின் மேலேயே இருக்கிறது." ஆமாம். ஜூலையில் போட்ட கிழக்கு மேற்குக் கோட்டின் மேல், வடக்கும் சாயாமல் தெற்கும் சாயாமல் நின்றது. ஆறு நிமிடம் முன்பு அது எங்கே இருந்திருக்கும் என்று கேட்டேன். கோட்டின் வழியே விரலைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டு போய்ப் புள்ளியின் மேல் வைத்தாள்.

செவ்வாயன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. 12:15க்குப் புள்ளிக்கு வடக்கே 6 மி.மீ. முதல் முறையாக வடக்கே. ஐந்தாம் வகுப்புக்காரி பலகையில் எழுதினாள்: வெள்ளி தெற்கே 18, செவ்வாய் வடக்கே 6, நான்கு நாளில் 24, ஒரு நாளுக்கு 6. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தாள். சனி 12, ஞாயிறு 6, திங்கள் சுழி. சுழியை மட்டும் பெரிதாகப் போட்டு, அதற்குள் ஒரு மேகமும் வரைந்தாள். வியாழன் மட்டும் ஒரு மி.மீ. உதைக்கிறது. அன்று அளந்தது நான்தான் என்பதை வகுப்பு மறக்கவில்லை.

அடுத்தது சென்னையில் ஆசிரியையாக இருக்கும் என் தோழியோடு சேர்ந்து ஒரே நாளில் அளப்பது. அவர்களுடைய நண்பகல் எங்களுக்கு நான்கு நிமிடம் முன்பே வந்துவிடும். இரண்டு ஊர்க் கோணத்தையும் கழித்துப் பூமியின் சுற்றளவைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவளிடம் சிடி இல்லையாம், தேடிக்கொண்டிருக்கிறாள். திருவிசநல்லூர்க் கோயில் மதிலில் அரைவட்டமாக இருக்கும் சூரிய கடிகாரத்தைப் பார்க்க ஒரு நாள் பஸ் பிடிக்க வேண்டும். நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் 11:57க்கும் பிப்ரவரி நடுவில் 12:27க்கும் வருகிறது என்பதை இந்தப் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடித்துச் சண்டைக்கு வரட்டும்.

அதற்குள் ஐப்பசி மழை சுண்ணாம்புக் கோட்டைக் கழுவிவிடும். புள்ளி இருக்கும் இடத்தில் பித்தளை ஆணி ஒன்றைச் சிமெண்டில் பதித்துத் தருவதாகக் கொத்தனார் அண்ணன் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறாராம். எந்த வெள்ளி என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கரணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.