ஸ்மோக்கி மலைக்குக் கரடி பார்க்கப் போகிறவர்களுக்கு

அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டினால் கேட்லின்பர்க் வந்துவிடும். லாங் வீக்கெண்ட் என்றாலே இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்புகிற ஊர் அது. ஊரைத் தாண்டியதுமே கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா, டென்னசியிலும் வட கரோலினாவிலுமாகப் பரந்து கிடக்கிறது. 1934இல் பூங்காவான இந்தக் காட்டில் சுமார் 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன, கணக்குப் போட்டால் சதுர மைலுக்கு இரண்டு. நம் கண்ணில் எங்கே படப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். படும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த முறை ஆகஸ்டில் போனோம். கோத்தகிரியிலிருந்து வந்திருந்த அத்தையும், அதாவது மனைவியின் அம்மாவும், கூட வந்தார். "கரடியைப் பாக்கவா இவ்வளவு தூரம் காசு செலவு பண்ணி வர்றீங்க மாப்பிள்ளை? எங்க ஊர்ல அது வாசலுக்கே வருமே" என்று வண்டியில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதில் மிகையில்லை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கரடி இறங்குவதும், ராத்திரியில் கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும் பேப்பரில் அடிக்கடி வருகிற சேதிதான்.

ஆனால் அது வேறு கரடி. நம்மூர்த் தேன்கரடி புலியோடு ஒரே காட்டில் காலங்காலமாகப் பழகிய இனம், திடீரென்று கிட்டத்தில் ஆளைக் கண்டால் ஓடுவதைவிட மேலே பாய்வதற்கே வாய்ப்பு அதிகம். ஸ்மோக்கியில் இருக்கும் அமெரிக்கக் கருங்கரடி பயந்தால் முதலில் விலகப் பார்க்கும், இல்லை மரத்தில் ஏறிவிடும். அதற்காகச் சாதுவான பிராணி என்று நினைத்துவிட வேண்டாம். வளர்ந்த ஆண் கோடையில் 110 கிலோ இருக்கும், இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைத் தின்றே எடையை ஏகத்துக்கும் ஏற்றிக்கொள்ளும், மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் இதே பூங்காவில், நடைபாதையில் போன ஒரு பெண்ணைக் கருங்கரடி கொன்றிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

முதலில் கேட்ஸ் கோவ் போனோம். மலைகளுக்கு நடுவில் ஒரு புல்வெளிப் பள்ளத்தாக்கு, அதைச் சுற்றி 11 மைலுக்கு ஒருவழிச் சாலை. ஒருவழி என்பதால் முன்னால் போகிறவர் கரடியைப் பார்த்து பிரேக் போட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். ஆகஸ்டில் காட்டுச் செர்ரி பழுத்திருக்கும், கரடிகள் மரத்து உச்சிவரை ஏறிக் கிளையை வளைத்து வளைத்துத் தின்னும், நாமும் வண்டிக்குள் இருந்தபடியே பார்க்கலாம். பார்க்கலாம்தானே, ஆனால் யார் இருக்கிறார்கள் வண்டிக்குள்? எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கி, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நேராக மரத்தடிக்கே நடந்தார், மேலே தாய், பக்கத்துக் கிளையில் இரண்டு குட்டி. "இவருக்கு வீட்ல யாரும் இல்லையா? நீங்க கண்ணாடிய ஏத்துங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. அங்கே நின்ற தன்னார்வலர் ஒருவர் கத்தி அவரைத் திரும்ப வரவைத்தார்.

இந்தப் பூங்காவில் தெரிந்தே கரடிக்கு 50 கஜத்துக்குள் போவது சட்டப்படி குற்றம், 5,000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். 50 கஜம் எவ்வளவு என்று குழம்ப வேண்டாம், இரண்டு கிரிக்கெட் பிட்ச்சை வரிசையாகப் போட்டு இன்னும் கொஞ்சம். தின்றுகொண்டிருந்த கரடி தின்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறது என்றால், எத்தனை கஜத்தில் நின்றாலும் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அதே சாலையின் நடுவில்தான் ஏப்ரம்ஸ் அருவிக்கு நடைபாதை பிரிகிறது, போக வர 5 மைல். வழி பெரும்பாலும் ஓடையை ஒட்டியே போகிறது, தண்ணீர்ச் சத்தத்தில் நாம் வருவது கரடிக்குக் கேட்காது, அது இருப்பதும் நமக்குத் தெரியாது. இந்த மாதிரி இடத்தில் பேசிக்கொண்டே, வளைவுக்கு வளைவு கையைத் தட்டிக்கொண்டே போவது நல்லது. நாங்கள் சும்மாவே சத்தம்தான், ஆனாலும் ஓடை இரைகிற ஒரு திருப்பத்தில், ரோடோடென்ட்ரான் புதருக்குக் கீழே அது இருந்தது. உளுத்துப்போன ஒரு மரக்கட்டையை முன்னங்காலால் புரட்டிப் போட்டு, நகத்தால் பட்டையை உரித்து, உள்ளே இருந்த புழுவையும் எறும்பையும் நக்கிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் பழுப்பு, மற்றதெல்லாம் ஈரம் பட்டது மாதிரி மினுங்குகிற கறுப்பு. காதில் ஒட்டியிருந்த மரத்தூள்வரை தெரிந்தது, அதிலிருந்தே தூரத்தை ஊகித்துக்கொள்ளுங்கள்.

தலையைத் தூக்கியது. "ஹஃப்" என்று மூச்சை வேகமாக விட்டது, அப்புறம் பல்லைக் கடகடவென்று தட்டியது. இது பாயப்போகிற அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் "எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ" என்பதுதான் அதன் பொருள். தரையை ஓங்கி அறைவதும், கொஞ்ச தூரம் ஓடி வந்து சட்டென்று நின்றுவிடுவதும் இதே ரகம். இந்த நேரத்தில் ஓடக் கூடாது, ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். மரத்தில் ஏறுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம், அது உங்களைவிட நன்றாக ஏறும். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டாள், எல்லோரும் ஒன்றாக ஒட்டி நின்றோம், பிறகு அதன் மேல் ஒரு கண் வைத்தபடியே மெதுவாகப் பின்னால் நகர்ந்தோம். பேச்சையும் நிறுத்தக் கூடாது, அமைதியாக ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் மனுஷர்தான் என்று அதற்குத் தெரியும். அத்தை "போ சாமி, உன் வழியப் பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீலகிரியில் யானையிடமும் இப்படித்தான் பேசுவார்களாம். கரடி இன்னொரு தடவை மூச்சு விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிப் போனது.

போகாமல் நம்மை நோக்கியே வந்தால்? கையை உயர்த்தி ஆளைப் பெரிதாகக் காட்டி, உரக்கக் கத்த வேண்டும், கல்லோ கட்டையோ எறியலாம். கருங்கரடி உண்மையிலேயே தாக்கினால் திருப்பி அடிக்க வேண்டும், கையில் எது இருக்கிறதோ அதை வைத்து, முகத்தைக் குறிவைத்து. செத்தது போலப் படுத்துக்கொள்ளும் யோசனை எல்லோஸ்டோன், கிளேசியர் பூங்காக்கள் பக்கத்துக் கிரிஸ்லிக் கரடி தன்னைக் காத்துக்கொள்ளத் தாக்கும்போது சொல்லப்படுவது, அதை இங்கே கொண்டுவராதீர்கள். கரடியை விரட்டுகிற, மிளகாய்க் காரம் கலந்த பேர் ஸ்ப்ரே (bear spray) இடுப்பில் இருந்தால் நல்லது, பைக்குள் அடியில் இருந்து பிரயோஜனம் இல்லை. கொசு மருந்து மாதிரி உடம்பிலோ கூடாரத்திலோ அடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அது கரடியின் முகத்தில் பட வேண்டிய சமாச்சாரம். விமானத்தில் செக்-இன் பெட்டியில்கூட அதை விடமாட்டார்கள், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

எனக்கென்னவோ காட்டில் பார்க்கிற கரடியைவிட கேபினில் பார்க்கிற கரடிதான் கவலையாக இருக்கிறது. கேட்லின்பர்க்கைச் சுற்றி வாடகைக்கு விடுகிற மரவீடுகளில் குப்பையைப் பையோடு திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள், கிரில்லில் கோழிக் கொழுப்பு அப்படியே காய்ந்திருக்கிறது, காரில் பாதி தின்ற சிப்ஸ். கரடியின் மோப்ப சக்திக்கு இதெல்லாம் அழைப்பிதழ். கார்க் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்கக் கற்றுக்கொண்ட கரடிகள் இருக்கின்றன, உள்ளே ஏறியதும் கதவு சாத்திக்கொண்டால் வெளியே வரத் தெரியாமல் சீட்டு, டேஷ்போர்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடும். அதனால் பூட்டுங்கள், சாப்பாட்டை உள்ளே எடுத்துவைத்துவிட்டுப் பூட்டுங்கள். காட்டுக்குள் கூடாரம் போடுகிறவர்களுக்கு முகாம்களில் உயரமாகக் கம்பியும் கப்பியும் வைத்திருக்கிறார்கள், உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் அதில் ஏற்றித் தொங்கவிட வேண்டும். ஒருமுறை நம் சாப்பாட்டின் ருசி கண்ட கரடிக்கு மனுஷர் மேலிருக்கிற பயம் போய்விடும், கடைசியில் அதைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லாத நிலைக்கு வந்துவிடுகிறது. அந்தப் புளியோதரை மிச்சத்தைப் பாவம் என்று புதரில் கொட்டாதீர்கள், தயவுசெய்து.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும், ஒரு நாளைக்கு 5 டாலர். கரடி பார்க்க அதிகாலையோ சாயங்காலமோ நல்லது. கோடையில் புதன்கிழமைகளில் கேட்ஸ் கோவ் சாலையில் கார் விடுவதில்லை, நடையும் சைக்கிளும் மட்டும்தான். அன்றைக்குப் போனால் வளைவுகளில் சைக்கிள் மணியைக் கொஞ்சம் தாராளமாகவே அடியுங்கள், எதிரே நடந்து வருகிறவர்களுக்கும் அது உதவும்.