சமாதானக் கூட்டங்களில் நான் கண்ட மதம்

வட்டாட்சியர் அலுவலகத்தில் மதச் சண்டை என்ற தலைப்பில் கோப்பு எதுவும் இருப்பதில்லை. திருவிழா ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி, நத்தம் புறம்போக்கில் நடப்பட்ட கொடிக்கம்பம், மயானத்துக்குச் செல்லும் வண்டிப்பாதை, பழைய சுற்றுச்சுவரை இடித்துக் கட்டுதல் என்பவைதான் கோப்பின் பொருள் வரியில் இருக்கும். துணை வட்டாட்சியராகவும் பிறகு வட்டாட்சியராகவும் தென் மாவட்டங்களில் பணியாற்றிய காலத்தில், 'இரு பிரிவினரிடையே பதற்றம்' என்று செய்தித்தாளில் வெளியாகும் நிகழ்ச்சிகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை இத்தகைய கோப்புகளின் வழியாகத்தான் அறிந்துகொண்டேன். மதம் போரை மூட்டுகிறதா, அமைதியை வளர்க்கிறதா என்று கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த பதிலும் அங்கிருந்து வருவதுதான்.

இத்தகைய நேரங்களில் வருவாய்த் துறை அலுவலர்களின் கையில் இருந்த சட்டம் மிகச் சிறியது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கூட்டம் கூடுவதைத் தடுக்க 144ஆம் பிரிவு, அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்க 107, நிலம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்ற தகராறு கைகலப்பாக மாறும் என்றால் 145. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை முறையே 163, 126, 164 என்று எண் மாறியிருக்கின்றன. மத உரிமையை வழங்கும் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் உறுப்பே, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டது என்று சொல்லித்தான் அந்த உரிமையை வழங்குகிறது. ஆனால் இந்தப் பிரிவுகள் எல்லாம் சண்டையை நிறுத்தி வைக்குமே தவிரத் தீர்க்காது. தீர்வுக்கு எங்களிடம் இருந்த ஒரே வழி, இரு தரப்பையும் அழைத்து உட்கார வைத்துப் பேசும் சமாதானக் கூட்டம்தான்.

அவற்றில் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்து மாரியம்மன் கோயிலின் முளைப்பாரி ஊர்வலம், ஊருணிக்குப் போகும் வழியில் பள்ளிவாசல் இருக்கும் தெருவைக் கடக்கும். தெருமுனை மின்கம்பத்திலிருந்து மாவுமில் வரைக்கும் மேளத்தை அடக்கிக்கொண்டு போவது நெடுநாள் வழக்கம். அந்த ஆண்டு மேளத்தோடு டிரம் செட்டும், மினி லாரியில் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ள, ஊர்வல நேரமும் தள்ளிப்போய் மஃரிப் என்னும் அந்தித் தொழுகை வேளையில் வந்து நின்றது. பொதுச் சாலையில் எதற்காக நிறுத்த வேண்டும் என்று கோயில் தரப்பு இளைஞர்கள் கேட்டார்கள். அப்படியானால் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போகட்டும் என்று பள்ளிவாசல் ஜமாஅத் தரப்பு இளைஞர்கள் மனு எழுதினார்கள். இரண்டு மனுக்களையும் சேர்த்து வைத்துப் படித்தபோது, கையெழுத்தைத் தவிர நடையில்கூட வேறுபாடு தெரியவில்லை. இரண்டிலும் 'மரபு' என்ற சொல்லும், 'உணர்வு புண்படும்' என்ற தொடரும், முடிவில் சட்டம் ஒழுங்குக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற எச்சரிக்கையும் இருந்தன.

கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் முழுவதும் நிர்வாகிகளே பேசினார்கள். கிராம நிர்வாக அலுவலர் மேசைமேல் விரித்து வைத்த தெரு வரைபடத்தை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இது மானப் பிரச்சினை என்று ஒரு தரப்பு சொல்ல, மறுதரப்பும் அதையே திருப்பிச் சொன்னது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பூசாரி அதுவரை வாயே திறக்கவில்லை. எதிரில் இருந்த ஜமாஅத் பெரியவரைப் பார்த்து அவர் சொன்னார்: "ஆத்தாளுக்கு மேளம் பெருசில்ல மாமா. முளைப்பாரி வாடாம ஊருணி போய்ச் சேரணும், அவ்வளவுதான். தொழுகை முடியிற வரைக்கும் நாங்க முனையில நிக்கிறோம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

பெரியவர் உடனே மறுத்தார். "நிக்க வேணாம்ப்பா. பொம்பளைப் பிள்ளைக தலையில சுமையோட ரோட்டுல நிக்கிறதாவது! வழக்கம்போல மேளத்தை மட்டும் அடக்கிட்டுப் போயிட்டே இருங்க. மில்லுக்கிட்ட நாங்க தண்ணிப் பந்தல் போடுறோம். தாகத்துக்குத் தண்ணி குடுக்குறது எங்களுக்கு நன்மை."

அதற்குப் பிறகு எழுத வேண்டியது குறைவாகத்தான் இருந்தது. மின்கம்பம் முதல் மாவுமில் வரை இசை இல்லை, ஒலிபெருக்கி வண்டி கண்மாய்க்கரை வழியாகப் போகும், ஊர்வலம் வழக்கமான தெருவில் செல்லும் என்று மூன்று வரிகள் எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினோம். இளைஞர்கள் முகம் கடுத்தபடிதான் கையெழுத்திட்டார்கள் என்றாலும் இட்டார்கள். பூசாரியின் பேச்சை மீறினால் சாமியை மீறியதாகும் என்ற எண்ணமும், மார்க்கம் தெரிந்த பெரியவரின் சொல்லைத் தட்டக்கூடாது என்ற எண்ணமும் அவர்களிடம் இன்னும் இருந்ததே அதற்குக் காரணம்.

அன்று நடந்ததைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மனுக்களில் இருந்ததும் மதம்தான். அந்த இருவர் பேச்சில் இருந்ததும் மதம்தான். வேறுபாடு ஒன்றே ஒன்று. மனு எழுதியவர்களுக்கு விட்டுக்கொடுப்பது தோல்வியாக இருந்தது. இவர்கள் இருவருக்கும் அது தங்கள் வழிபாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. தெருத் தகராறை மதம் உண்டாக்குவதில்லை. தெரு குறுகலாக இருக்கிறது, நேரம் மோதுகிறது, ஊரில் பழைய பகை ஏதோ இருக்கிறது, தேர்தல் வரப்போகிறது. இவையே தகராறை உண்டாக்குகின்றன. மதம் வந்து சேர்ந்ததும் அந்தத் தகராறில் விட்டுக்கொடுப்பதன் பொருள் மாறிவிடுகிறது. ஐந்தடி நிலத்துக்காக நடக்கும் சண்டையில் இரண்டரை அடியில் இணங்கிவிட முடியும். அந்த ஐந்தடி தெய்வத்துக்கு உரியது என்று ஆகிவிட்டால், இணங்குபவன் தன் தரப்பிலேயே துரோகியாகிறான். அதே மதம், தெய்வமே இதை ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லும் அதிகாரத்தையும் ஒருவருக்குத் தந்து வைத்திருக்கிறது. அத்தகைய அதிகாரம் தாசில்தாருக்கோ காவல் ஆய்வாளருக்கோ கிடையாது.

மற்றோர் ஊரில் இதே போன்ற தகராறு வந்தபோது, கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்களே அல்லர். பூசாரி வரவில்லை, பள்ளிவாசல் இமாமும் வரவில்லை. பிணைப்பத்திரங்கள் எழுதப்பட்டன, ஆயுதப்படைக் காவலர்கள் தெருவின் இருபுறமும் நின்றார்கள், ஊர்வலம் கல்வீச்சு எதுவும் இல்லாமல் முடிந்தது. பந்தோபஸ்து வெற்றி என்றுதான் நாங்கள் அறிக்கை அனுப்பினோம். ஆனால் பள்ளிவாசல் தெருவில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் அதன்பின் அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார் என்று கிராம உதவியாளர் சொன்னபோது, அந்த அறிக்கையில் எழுதாமல் விட்டது எவ்வளவு என்பது புரிந்தது. அமைதி குலைந்ததா இல்லையா என்பதற்குக் கல் விழுந்ததா என்பதை மட்டும் அளவாகக் கொள்ளும் பழக்கம் அரசு அலுவலகங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது.

இந்தத் தகராறுகள் நேற்று முளைத்தவை அல்ல. 1882இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசலையும் ஊர்வலத்தையும் ஒட்டி எழுந்த பகை பெரும் கலவரமாக வெடித்தது. நகராட்சி உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் அதைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானார். பொதுச் சாலையில் இசையோடு ஊர்வலம் போகும் உரிமை எல்லாப் பிரிவினருக்கும் உண்டு, அமைதி காக்க நடுவர் (மாஜிஸ்திரேட்) பிறப்பிக்கும் முறையான உத்தரவுகளுக்கு அது உட்பட்டது என்ற கொள்கையை அந்தக் காலத்துச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் நிலைநாட்டின. 1924இல், அன்றைய இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. அந்த பிரிவி கவுன்சில் வழக்கின் இரு தரப்பினரும் முஸ்லிம்களே. சன்னி பள்ளிவாசல் அருகே ஷியாக்களின் முஹர்ரம் ஊர்வலம் நின்று துக்கம் அனுசரிக்கலாமா என்பதே வழக்கு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் யார் எதைப் பாடுவது என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். வேறு வேறு தெய்வங்களை வணங்குவதால்தான் மனிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்ற வாதத்தை, ஒரே பெருமாளுக்காக நடக்கும் இந்த வழக்குகளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய போர்களிலும் இதையே காண்கிறேன். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போர் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தக் கிறித்தவருக்கும் இடையிலான போராகத் தொடங்கியது. ஆனால் கத்தோலிக்க நாடான பிரான்ஸ், கத்தோலிக்கப் பேரரசை எதிர்த்துச் சீர்திருத்தக் கிறித்தவ நாடான சுவீடனோடு கைகோத்து நின்றது. சண்டைக்குக் காரணம் அரசும் எல்லையுமாக மாறிய பிறகும், அந்த நீண்ட போரில் விட்டுக்கொடுப்பதைக் கடினமாக்க மதம் தொடர்ந்து பயன்பட்டது. இலங்கையின் மடு திருத்தலத்தில் மாதாவின் முன் சிங்களக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் சேர்ந்து மண்டியிட்டார்கள். ஆனாலும் அங்கே உள்நாட்டுப் போர் நிற்கவில்லை. ஒரே வழிபாடு இருந்தால் அமைதி தானாக வந்துவிடும் என்பதும் மேடைப் பேச்சுக்கு மட்டுமே உதவும்.

மதம் அமைதிக்கு உதவியதற்கு எங்கள் துறையில் மூத்தவர்கள் எப்போதும் எடுத்துச் சொல்லும் சான்று மண்டைக்காடு. 1982 மார்ச் 1ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்தின் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடைவிழா நடந்துகொண்டிருந்தபோது மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து, கடற்கரையோர மீனவர்கள் உயிரிழந்தார்கள். கலவரம் அதோடு நிற்காமல் கடலோர ஊர்களிலும் உட்புற ஊர்களிலும் பரவியது. ஒலிபெருக்கியும், பக்தர்கள் கடலில் நீராடும் இடமும்தான் தகராறின் தொடக்கத்தில் இருந்தவை. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையத்தின் விசாரணை ஒருபுறமிருக்க, குன்றக்குடி அடிகளார் ஒரு சைவ ஆதீனத்தின் தலைவர் என்ற நிலையிலேயே அந்த மாவட்டத்துக்கு நேரில் வந்து, கிறித்தவ மக்களையும் இந்து மக்களையும் சந்தித்துப் பேசினார். அவருடைய காவி உடைதான் அங்கே அவருக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு என்று நான் கருதுகிறேன். மதத்தை விட்டு விலகி நின்ற ஓர் அறிவாளர் வந்திருந்தால் இரு தரப்பும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பி வைத்திருக்கும். தன் சமயத்தில் ஊறி நின்ற ஒருவர் மற்றவர் வாசலுக்குப் போய் நின்றதால்தான், வாசலைத் திறப்பது அவர்களுக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விட்டுக்கொடுத்தால் அமைதி என்று சொல்லும்போது, யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி வருகிறது. முளைப்பாரி ஊரில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே பலத்தில் இருந்தார்கள். அதனால் இருவரும் ஓரடி பின்னால் வைக்க முடிந்தது. ஒரு தரப்பு ஆண்டாண்டுக்காலமாகப் பின்னாலேயே நிறுத்தப்பட்டிருக்கும் இடத்தில், ஊர் அமைதிக்காக இந்த ஆண்டும் பொறுத்துப் போங்கள் என்று சமாதானக் கூட்டத்தில் சொல்வது அநீதியைத் தொடரச் சொல்வதாகும். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிப்பதில் பட்டியல் சாதி மக்களுக்கு உள்ள உரிமையை ஒட்டி எழுந்த தகராறில், நீண்ட காலம் ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூனில்தான் பலத்த காவலுடன் ஓடியது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழைவதை மற்றவர்கள் எதிர்த்ததால், 2023 ஜூனில் கோட்டாட்சியர் 145ஆம் பிரிவின் கீழ்க் கோயிலையே பூட்டி முத்திரையிட நேர்ந்தது. தெய்வத்தின் சன்னிதிக்கு, நிலத் தகராறுக்கென எழுதப்பட்ட பிரிவில் பூட்டு விழுந்தது.

இந்த வகைத் தகராறுகளில் நான் நடத்திய கூட்டங்களில், 'ஆத்தா கோவிச்சுக்க மாட்டா' என்று எழுந்து சொன்ன பூசாரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மதங்களுக்கு இடையிலான சண்டைகளுக்கு ஆதீனங்களும் ஆயர்களும் ஜமாஅத் தலைவர்களும் சேர்ந்து அறிக்கை விடுகிறார்கள், நல்லது. தன் மதத்துக்குள்ளேயே ஒரு தெருவுக்குத் தேர் போகாமல் நிற்கும்போது, அந்த ஊருக்கு நேரில் போய், தடுத்து நிற்பவர்களிடம் தன் நெற்றித் திருநீற்றின் அதிகாரத்தோடு, இவர்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் மடாதிபதிகள் நமக்கு வேண்டும். மண்டைக்காட்டுக்குப் போன அடிகளாரைப் போல அவர்கள் போவார்கள் என்றால், கோட்டாட்சியர்கள் கோயிலுக்குப் பூட்டுப் போடத் தேவை இருக்காது.