எல்லாப் பழியும் குவாசிபார்ட்டிகிள் மேல்

மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் உலோகம்) க்யூபிட்டுகளை, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளை, அளப்பது என் வேலை. ஒரு க்யூபிட்டின் ஆயுள், அதாவது அது தன் நிலையைத் தக்கவைக்கும் நேரம், நேற்றைவிட இன்று குறைந்திருந்தால் போதும், கூட்டத்தில் யாராவது ஒருவர் "குவாசிபார்ட்டிகிளாக இருக்கும்" என்று சொல்லிவிடுவார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பழி போடுவதில் ஒரு வசதி இருக்கிறது.

பழி முழுப் பொய்யும் அல்ல. அலுமினியம் சுமார் 1.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகி, எலக்ட்ரான்கள் கூப்பர் ஜோடிகளாகச் சேர்ந்துகொள்கின்றன. ஜோடி உடைந்தால் இரண்டு குவாசிபார்ட்டிகிள்கள். அவற்றில் ஒன்று ஜோசப்சன் சந்தியை (இரு அலுமினியப் படலங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தடுப்பை) தாண்டும்போது க்யூபிட்டின் ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். க்யூபிட் 1-லிருந்து 0-க்கு விழுந்துவிடும்.

விசித்திரம் என்னவென்றால், நாங்கள் வேலை செய்யும் 10, 20 மில்லிகெல்வின் குளிரில் கணக்குப்படி சிப் முழுவதும் தேடினாலும் ஒரு குவாசிபார்ட்டிகிள் அகப்படக் கூடாது. ஆனால் அளந்து பார்த்த ஆய்வகங்களில் பத்து லட்சம் ஜோடிகளுக்கு ஒன்று, நூறு கோடிக்கு ஒன்று என்று ஏதோ ஒரு கணக்கில் அவை இருக்கவே செய்கின்றன. தெர்மாமீட்டர் சொல்வது சிப் உட்கார்ந்திருக்கும் தகட்டின் வெப்பநிலையைத்தான். அலுமினியத்தில் ஒரு ஜோடியை உடைக்க 90 கிகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஒரு போட்டான் போதும். ஃபிரிட்ஜின் மேல்தட்டில் 4 கெல்வினில் இருக்கும் செம்புத் தகடு அதைவிட அதிக அதிர்வெண்ணிலேயே ஒளிர்கிறது. நமக்கு அது உறைகுளிர், சிப்புக்கோ அதுவே வெயில்.

அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி ஓட்டை அடைப்பதில் போகிறது. சிப்பை வைத்து மூடும் செம்பு டப்பாவின் உட்புறம் கறுப்புப் பூச்சு, மூடி விளிம்பில் இண்டியம் கம்பி, பயன்படுத்தாத கனெக்டருக்கெல்லாம் தொப்பி, கேபிள்களில் அகச்சிவப்பு வடிகட்டி. மழைக்கு முன் ஓட்டு வீட்டில் ஒழுகல் தேடுகிற மாதிரிதான். குவாண்டம் கணினி வேலை என்றதும் கரும்பலகை நிறையச் சமன்பாடு என்று ஊரில் நினைக்கிறார்கள். சரி, நினைக்கட்டும்.

ஆனால் பழியை நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்துவிட்டுப் பேசலாம் என்பதுதான் என் கட்சி. ஒரு குவாசிபார்ட்டிகிள் சந்தியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், சந்தியின் ஒரு பக்கத்து உலோகத் துண்டிலுள்ள எலக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ, இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ மாறுகிறது. மின்னூட்டத்துக்குக் கொஞ்சம் கூச்சப்படும்படி வடிவமைத்த டிரான்ஸ்மான் வகை க்யூபிட்டில், இந்த மாற்றம் அதிர்வெண்ணில் சின்னத் தாவலாகத் தெரியும். 2013-ல் டெல்ஃப்ட் குழு இந்தத் தாவல்களை நேரடியாகப் பின்தொடர்ந்து காட்டியது. க்யூபிட்டின் ஆயுள் 50 மைக்ரோவிநாடி, ஒற்றை-இரட்டை மாற்றமோ மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் என்றால், குவாசிபார்ட்டிகிள் முதல் குற்றவாளி இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

நன்றாக மூடிய டப்பாவில் இந்தச் சோதனையைச் செய்தால் பெரும்பாலும் அது விடுதலையாகிவிடுகிறது. உலோகத்தின் மேல் படர்ந்த ஆக்சைடிலும் சிலிக்கான் மேற்பரப்பிலும் உள்ள அணுக்குறைகள் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. இது பலருக்குப் பிடிப்பதில்லை. டப்பாவை நாங்களே மூடிக்கொள்ளலாம். மேற்பரப்பைச் சுத்தமாக்க வேண்டுமென்றால் கிளீன்ரூம் ஆட்களிடம் போய்ச் செய்முறையை முதலிலிருந்து மாற்றச் சொல்ல வேண்டும்!

அப்புறம், டப்பா தடுக்காத ஒன்றும் உண்டு. கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் (விண்கதிரிலிருந்து வரும் துகள்) விழுகிறது. சுவர் கான்கிரீட்டிலிருந்து காமா கதிர் வேறு. ஒன்று சிப்பில் மோதினால் சிலிக்கான் முழுவதும் ஃபோனான்கள் (அதிர்வுத் துகள்கள்) பரவி, போகிற இடமெல்லாம் ஜோடிகளை உடைக்கின்றன. 2020-ல் எம்ஐடி குழு கதிரியக்கச் செம்பு-64-ஐ க்யூபிட் பக்கத்தில் வைத்து இந்தப் பாதிப்பை அளந்தது. சராசரி ஆயுளைப் பார்த்தால் இது பெரிய நஷ்டமாகத் தெரியாது. ஆனால் பிழைதிருத்த முறைகள் பிழைகள் தனித்தனியாக வரும் என்று நம்புகின்றன, இங்கே பக்கத்துப் பக்கத்து க்யூபிட்டுகள் சேர்ந்தே விழுகின்றன. குவாசிபார்ட்டிகிளுக்கு நான் உண்மையாகவே பயப்படுகிற இடம் இதுதான்.

இப்போது பலரும் செய்வது, சந்தியின் இரு பக்க அலுமினியத்தையும் வெவ்வேறு தடிமனில் படியவைப்பது. மெல்லிய படலத்தில் ஆற்றல் இடைவெளி (ஒரு குவாசிபார்ட்டிகிள் அங்கே இருக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) அதிகம். இரு பக்க வித்தியாசம் க்யூபிட்டின் ஆற்றலைவிடப் பெரிதாக இருந்தால், குவாசிபார்ட்டிகிள் உருவானாலும் மேடேறித் தாண்டுவது கடினம். எங்கள் அடுத்த சிப்புக்கும் இதையே கேட்டிருக்கிறோம். கதிர் விழும்போது மேற்பரப்புக் குறைகளும் கலைந்து தம் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்கின்றன. அதற்கு இந்த மேடு எதுவும் செய்யாது.