பட்டாணியிடம் அடி வாங்கிய கதை

முதல் அடி முழங்காலுக்குப் பின்பக்கம் விழுந்தது. கழனித் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தேன். யாரோ அரைச் செங்கல்லை விட்டெறிந்த மாதிரி இருந்தது. திரும்பினால் எங்கள் சேவல் பட்டாணி நிற்கிறான். பிடரி மயிர் சிலிர்த்து, கழுத்து குடை மாதிரி விரிந்திருக்கிறது. அப்போது அவனுக்கு எட்டு மாதம்.

எங்கள் வீடு திருமங்கலத்துக்குப் பக்கத்தில். பின்னால் கொஞ்சம் காலி இடம். சந்தையில் ஒரு சிறுவிடைக் கோழியைக் குஞ்சுகளோடு வாங்கி வந்தோம். அதில் ஒரு குஞ்சு காலை விந்தியது. தாய் அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு மேயப் போய்விட்டது. என் மகன் அதைத் தூக்கி வந்து, அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டுக் காப்பாற்றி, பட்டாணி என்று பெயரும் வைத்தான். கால் சரியானது. தோளில் உட்கார்ந்து டிவி பார்ப்பான், கையில் வைத்த சோற்றைக் கொத்துவான். ஐந்தாம் மாதம் தொண்டை உடைந்த பையன் மாதிரி அரைகுறையாகக் கூவியபோது வீடே கைதட்டியது.

அப்புறம்தான் டான்ஸ் ஆரம்பமானது. ஒரு றெக்கையைத் தரையில் உரசுகிற மாதிரி இறக்கிவிட்டு, பக்கவாட்டில் பொடிநடையாக என் காலைச் சுற்றி வருவான். வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கோழியை மிதிக்கப் போகும் முன் சேவல் ஆடும் ஆட்டம் அது. இன்னொரு சேவலை வம்புக்கு இழுப்பதற்கும் அதே ஆட்டம்தான். என் காலைச் சுற்றி எதற்காக ஆடினான் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

முதல் அடிக்குப் பிறகு நான் செய்தது எல்லாமே தப்பு. விளக்குமாற்றால் ஒரு போடு போட்டேன். இரண்டு நாள் சும்மா இருந்தான். மூன்றாம் நாளிலிருந்து விளக்குமாறு யார் கையில் இருந்தாலும் அவர் மேல் பாய்ந்தான். தண்ணீரை வீசினேன், காலால் எத்தினேன், ஒரு நாள் பயந்து ஓடியும் பார்த்தேன். ஓடியதுதான் இருப்பதிலேயே மோசம். கெண்டைக்காலில் நகம் இறங்கி, டிடி ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். "கருப்பசாமிக்கு நேர்ந்து விட்ருவோம்" என்றார் அத்தை. மகன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், இளவயதில் சண்டைக்கு விடும் கட்டுச்சேவல் வளர்த்தவர். வந்து திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பட்டாணியைச் சும்மா பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நீ ஓடுனா அவன் ஜெயிச்சான். நீ அடிச்சா, இன்னொரு சேவ சண்டைக்கு வந்துருச்சுன்னு நினைப்பான். ரெண்டும் வேணாம் தாயி."

எழுந்து கொல்லைக்குப் போனார். பட்டாணி றெக்கையை இறக்கினான். பெரியவர் கையை வீசவில்லை, சத்தம் போடவில்லை. அவன் நின்ற இடத்தை நோக்கி மெதுவாக நடந்தார், அங்கே யாருமே இல்லாத மாதிரி. பட்டாணி தரையில் எதையோ கொத்துவது போல் பாவனை செய்தான். ஒன்றும் கொத்தவில்லை, ஒரு கண் மேலேயே இருந்தது. "இதப் பாரு, இந்தப் பொய்க் கொத்துக்கு அப்புறந்தான் பாய்வான்" என்றார். நடையை நிறுத்தவில்லை. கடைசி நொடியில் பட்டாணி விலகி, வழியை விட்டான்.

இருட்டிய பிறகு இரண்டாம் பாடம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, தூக்குவது சுலபம். இரண்டு காலையும் ஒரு கையில் பிடித்து, றெக்கை விரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவன் உடம்பு தளர்கிற வரைக்கும் வீட்டைச் சுற்றி நடக்கச் சொன்னார். முதல் நாள் இருபது நிமிடம் பிடித்தது. பத்து நாளில் ஐந்து நிமிடமாகக் குறைந்தது. கைத்தீனி அன்றோடு நின்றது. இரையைத் தரையில் இறைத்துவிட்டு வந்துவிடுவேன்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று. கட்டுச்சேவல் இன்னொரு சேவலைக் கண்டால் உயிரைக் கொடுத்துச் சண்டை போடும், ஆனால் வளர்த்தவர் மடியில் பூனைக்குட்டி மாதிரி உட்காரும். கேட்டேன். "ஆளு மேல பாயுற சேவகிட்ட இருந்து நாங்க குஞ்சு எடுக்க மாட்டோம்" என்றார். அதாவது பிறவியும் உண்டு, வளர்ப்பும் உண்டு. எங்கள் பட்டாணி சேவல்களோடு வளராமல் மனிதர்களோடு வளர்ந்தவன். அதனால் எங்களையும் சேவல் கணக்கில் சேர்த்துவிட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன். தாயோடு வளர்ந்த அவன் அண்ணன் ஒருநாளும் எங்களை நெருங்கியதில்லை.

பாய்ந்த நேரங்களை ஒரு காலண்டர் தாளில் குறித்து வந்தேன். பாதிக்கு மேல், நான் ஏதாவது ஒரு கோழியைப் பிடித்து அது கத்திய சமயங்கள். அவன் வேலையைத்தான் அவன் பார்த்திருக்கிறான்! இப்போது மருந்து கொடுக்க, பேன் பார்க்க எல்லாமே பொழுது சாய்ந்து, கோழிகள் பஞ்சாரத்தில் அடைந்த பிறகுதான்.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. ஐந்து கோழிக்கு இரண்டு சேவல். ஒரு சேவலுக்கு எட்டு, பத்து கோழியாவது வேண்டும் என்பார்கள். எங்கள் கருப்பிக்கு முதுகில் இறகே இல்லை, மிதிபட்டு மிதிபட்டுத் தோல் தெரிந்தது. விடியற்காலையில் பட்டாணி கூவியதும் அண்ணன் பதில் கூவுவான், பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2015-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்: கூட்டத்தில் பெரிய தலை முதலில் கூவுமாம், மற்றவை அந்தஸ்து வரிசைப்படி பின்னால் கூவுமாம். எங்கள் கொல்லையிலும் வரிசை ஒருநாள்கூட மாறியதில்லை.

ஒருவனை அனுப்பியாக வேண்டும். பாய்கிறவனைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் சாதுவான அண்ணன் சித்தி வீட்டுக்குப் போனான். அங்கே பன்னிரண்டு கோழி. இரண்டு மாதத்தில் கருப்பிக்கு இறகு முளைத்தது. காலைக் கச்சேரியும் பாதியானது.

பட்டாணிக்குக் கால் முள் நீண்டதும் அரத்தால் முனையை மட்டும் மழுக்கினேன். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருப்பதால் அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. நாத்தனாரின் மூன்று வயதுக் குழந்தைக்குக் கொல்லைக் கதவு பூட்டியே இருக்கும். பெரியவர்களுக்குக் காலில் விழுகிற அடி, குழந்தைக்குக் கண்ணில் விழும். அதில் எந்தப் பரீட்சையும் வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு பட்டும் அவனை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களை ஒரு மணி நேரம் எங்கள் அடுப்படி ஜன்னலில் நிற்கச் சொல்வேன். பூச்சி கிடைத்தால் தான் தின்பதில்லை. கொக்கு கொக்கு என்று கூப்பிட்டு, அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் காட்டி, கோழி வந்து கொத்துகிற வரை நிற்பான். பூனை வந்தால் கெக்கெக்கெக் என்று விடாமல் கத்துவான். வானத்தில் வல்லூறு வந்தால் சத்தம் வேறு: நீளமாக, மெல்லியதாக ஒரே ஒரு இழுப்பு. அடுத்த நொடி கோழிகள் எல்லாம் செம்பருத்திக்கு அடியில் இருக்கும். எது வந்திருக்கிறது என்று தோசையைத் திருப்பிக்கொண்டே என்னால் சொல்ல முடியும்.

என்னிடம் இப்போது ஒரு கை தூரம் விலகி நிற்கிறான். அத்தை இன்னும் அவனைக் கண்டால் ஓடுகிறார், அதனால் அவரை இன்னும் துரத்துகிறான். முறத்தால் புலியை விரட்டியவள் கதையைச் சொல்லிக்கொண்டே, முறத்தை முன்னால் பிடித்தபடிதான் கொல்லைக்கு இறங்குகிறார்.

கருப்பி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. பதினொரு முட்டை, எல்லாம் சித்தி வீட்டிலிருந்து பையில் தவிட்டுக்குள் வைத்து வந்தவை. வெள்ளிக்கிழமையோடு இருபத்தொரு நாள். அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. பெயர் வைக்க மட்டும் மகனுக்கு அனுமதி. ஐந்து பெயர் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டான்.