பின்தகட்டில் எழுதிய எட்டு ஓம்

இரண்டு ரெசிஸ்டரைத் தொடராக இணைத்தால் ஓம், அதாவது மின்தடையின் அளவு, கூடும், பக்கமாக இணைத்தால் குறையும் என்று நம் பள்ளி இயற்பியல் கூடத்து மேசையில் மீட்டர் முள்ளைப் பார்த்துப் படித்தோம். கோலாலம்பூரில் சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்யும் நம் சங்கத்தவர்க்கு அந்தப் பாடம் இன்றும் வேண்டியிருக்கிறது. வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கானது), கெப்பாசிட்டர் எல்லாம் ஜாலான் பாசாரில் வாங்கிவிடலாம். ஆம்ப்ளிஃபையருக்குப் பொருந்துமா என்ற கணக்கை நாம்தான் போட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர் வோல்ட்டைத் தருகிறது. எத்தனை ஆம்பியர் இழுப்பது என்பது பெட்டியின் கையில். 20 வோல்ட் வரும்போது 8 ஓம் பெட்டி 2.5 ஆம்பியர் இழுக்கும், 4 ஓம் 5 ஆம்பியர், 2 ஓம் 10 ஆம்பியர். ஆம்பியர் ஏற ஏறச் சூடும் ஏறும். அது தாங்காமல்தான் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகிறது. ஓம் கூடினால் சத்தம் குறையும், கெடுதல் இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் மட்டும் வேறு சாதி: 4, 8 என்று தனித்தனி முனை உண்டு, உரியதில்தான் மாட்ட வேண்டும். பெட்டி மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரியலாம்.

8 ஓம் வூஃபர் இரண்டைப் பக்கமாக இணைத்தால் 4. நான்கு இருந்தால் இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த ஜோடிகளைப் பக்கமாக இணையுங்கள். மறுபடி 8 வரும். 8-ஐயும் 4-ஐயும் ஒரே தொடரில் கலக்காதீர்கள், மூன்றில் இரண்டு பங்கு சக்தி 8-க்கே போய்விடும்.

பலர் குழம்பும் இடம் ட்வீட்டர். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் இருந்தால் 8 ஓம் வூஃபரும் 8 ஓம் ட்வீட்டரும் சேர்ந்து 4 ஆகாது. ஆளுக்கு ஒரு சுருதி எல்லை, பெட்டி ஏறக்குறைய 8 ஆகவே நிற்கும். 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க, 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 6.8 மைக்ரோஃபாரட், துருவமில்லாத கெப்பாசிட்டர். அதே கெப்பாசிட்டரில் 4 ஓம் ட்வீட்டரை மாட்டினால் பிரியும் இடம் 6000-க்கு அருகே ஏறிவிடும். நடுவில் பள்ளம் விழுந்து பாடகர் குரல் மங்கிக் கேட்கும்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் 8 ஓம் வூஃபர் சுமார் 6 காட்டும். பழுது என்று எண்ண வேண்டாம். அது கம்பிச் சுருளின் தடை மட்டுமே. உண்மையான இம்பீடன்ஸை, அதாவது ஒலி ஓடும்போது பெட்டி காட்டும் மொத்தத் தடையை, அறிய, முடித்த பெட்டியோடு 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, கைப்பேசியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வழியே 50, 100, 200, 400 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல விடுங்கள். பெட்டியின் ஏசி வோல்ட்டை ரெசிஸ்டரின் ஏசி வோல்ட்டால் வகுத்து 10-ஆல் பெருக்கினால் ஓம். மலிவான மீட்டர்கள் 400-க்கு மேல் பொய் சொல்லும், அதை நம்பாதீர்கள். பேஸ் பகுதியில் ஓரிடத்தில் 30-க்கு மேல் ஏறுவது இயல்பு. ஆகக் குறைந்த எண்ணே நமக்கு முக்கியம். அதை ஆம்ப்ளிஃபையரின் பின்தகட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வாசலில் இன்னொரு ஜோடி வைக்கும் வீடுகளில் கவனம் தேவை. ஏ, பி என்ற இரு ஸ்பீக்கர் ஜோடி இணைப்புகளையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களில் அவை பக்கமாகவே இணையும். 4 ஓம் ஜோடிகள் 2 ஆகிவிடும். வாசலுக்கு 8 ஓம் பெட்டி வையுங்கள், உள்ளேயும் 8 ஓமே இருக்கட்டும். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுங்கள். போக வர 20 மீட்டருக்கும் கால் ஓம்தான் தின்னும்.