பைண்டிங்ல காணாம போன அட்டைங்க

நம்ம வீடுகள்ல பழைய தொடர்கதை எல்லாம் பத்திரமா இருக்கும், வாராவாரம் கிழிச்சு சேர்த்து பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க, ஆனா அந்த இதழோட அட்டை மட்டும் இருக்காது. கதைக்கு வேண்டாத பக்கம்னு மொத்தமா பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிடும். அதனாலதான் 1950கள்ல வந்த கல்கி, விகடன் அட்டை நல்ல நிலைமையில ஒண்ணு கிடைச்சாலே, பழைய அட்டை சேர்க்கற எனக்கு அன்னிக்கு தீபாவளி.

நான் பத்திரிகை வாரியா அடுக்கறதில்ல, ஓவியர் வாரியாதான். கோபுலுவுக்கு ஒரு ஃபைல், சில்பிக்கு ஒண்ணு, மணியத்துக்கு ஒண்ணு. மணியம் 1968லயே போயிட்டார், நாப்பது சொச்சம் வயசுதான், அதுக்குள்ள பொன்னியின் செல்வனுக்கு (1950ல கல்கியில ஆரம்பிச்ச தொடர்) அவர் போட்ட முகங்கள்தான் இன்னிக்கும் நமக்கு வந்தியத்தேவன்னா, குந்தவைன்னா மனசுல வருது. சில்பி கோயில் சிற்பத்தை வரைஞ்சா கல்லோட சொரசொரப்பு கூட தெரியும். கோபுலு அப்படியே எதிர்ப்பக்கம், நாலு கோடுதான், ஆனா மாமியோட நடையே அதுல இருக்கும்.

அந்தக் காலத்துல கலருக்கு ஒரு உலோக அச்சு (ப்ளாக்) செஞ்சு ஒவ்வொரு கலரா தனித்தனியா அடிப்பாங்க, ஒரு கலர் கொஞ்சம் நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளிய நிக்கும். சில பேர் அதை டேமேஜ்ங்கறாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், லென்ஸ் வச்சுப் பார்த்தா புள்ளி புள்ளியா அந்த அச்சு வேலை முழுக்கத் தெரியும், இப்ப ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டு விக்கறதுல அந்த சுகம் வரவே வராது.

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரக் கடைங்கள்ல தேடினா இன்னும் ஏதாவது சிக்கும். பழைய புத்தகக் கடைங்க இருந்த மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சே, அது இருந்திருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

இனி அட்டையை ஃப்ரேம் போட்டு சுவர்ல மாட்டறதுக்கு வருவோம். தயவுசெஞ்சு லேமினேட் பண்ணாதீங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பசை பழுப்பாகி பேப்பர்ல ஊறிடும். துருப்பிடிச்ச பின்னை மெதுவா எடுத்துட்டு, ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டுல வச்சு, கண்ணாடியும் அட்டையும் ஒட்டாம நடுவுல இடைவெளி விட்டு ஃப்ரேம் போடுங்க. வெயில் படற சுவர் கூடவே கூடாது, முதல்ல சிவப்பும் மஞ்சளும்தான் வெளுக்கும். நான் ஹால்ல நாலு ஃப்ரேம் மட்டும் வச்சு உள்ள இருக்கற அட்டையை மாத்திக்கிட்டே இருக்கேன், மீதி எல்லாம் பாலியஸ்டர் கவர்ல போட்டு இருட்டு அலமாரியில. பேப்பரை அரிக்கற ராமபாணப் பூச்சி வருதான்னு அப்பப்ப திறந்து பார்க்கணும், மழைக்காலத்துல கண்டிப்பா.

இப்ப ஹால்ல தொங்கறது நாலும் கோபுலு. அடுத்து மணியம் வரிசைதான் மாட்டணும், அதுக்கு இன்னும் பொன்னியின் செல்வன் காலத்து கல்கி அட்டைங்க தேடிட்டிருக்கேன், உங்க வீட்டுப் பரண்ல பைண்டு பண்ணாத பழைய இதழ் இருந்தா எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க.